தாம்பரத்தில் குடியேறுவோர் போட வேண்டிய கணக்கு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் அந்த வளையை எங்கே தோண்டுவது என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போகவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருந்திருக்காது. பாட்டன் கட்டிய வீடு, பின்கட்டில் கிணறு, கூப்பிடு தூரத்தில் உறவு என்று வாழ்ந்த காலத்தில் குடியிருக்கும் இடத்தை யாரும் தேர்ந்தெடுத்ததில்லை. அது பிறப்போடு வந்தது. வேலைக்காகவும் படிப்புக்காகவும் வெளி மாவட்டங்களிலிருந்து குடும்பத்தோடு சென்னைக்கு வருகிறவர்கள்தாம் இன்று அந்தக் கேள்வியை முதன்முறையாக எதிர்கொள்கிறார்கள்.

தனி ஆளாக வருபவருக்கு இது பெரிய கேள்வியன்று. விடுதியோ, மேன்ஷனோ, நண்பரின் அறையோ போதும். பிடிக்காவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். குடும்பத்தின் நிலை வேறு. முன்பணமாகக் கொடுக்கும் தொகை, பல வீடுகளில், ஊரில் விற்ற மாட்டின் விலையாகவோ அடகு வைத்த நகையின் மதிப்பாகவோ இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த பிறகு, சாமான்களை இறக்கிய பிறகு, இடம் சரியில்லை என்று தெரிந்தால் திரும்பவும் அத்தனை செலவையும் செய்ய வேண்டும்.

எங்கள் குடும்பமும் வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தாம்பரத்துக்கு வந்ததுதான். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் வகுப்பிலேயே இப்படி வந்தவர்கள் பலர்; இனி வரப்போகிறவர்கள் அதனினும் பலர். அவர்களுக்குச் சிறிதேனும் பயன்படட்டும் என்ற எண்ணத்தில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நான் சொல்ல விரும்புவது ஒன்றே. ஒரு வீட்டின் விலை முழுவதும் வாடகை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. ஒரு பகுதிதான் அங்கே இருக்கிறது. மீதியை அந்த வீட்டில் வாழும் யாரோ ஒருவர் நேரமாகவும், உடல் உழைப்பாகவும், அச்சமாகவும் செலுத்துகிறார். அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் வீடு பார்க்கப் போனவர் அல்லர்.

தாம்பரம் வளர்ந்த கதை

முதலில் நாம் குடியேற வரும் நிலத்தை அறிந்துகொள்வோம். இவ்வட்டாரத்தில் மனிதன் குடியிருப்பது புதிதன்று. 1863-ஆம் ஆண்டு ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் புவியியல் அறிஞர் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்லியல் வரலாற்றில் அது ஒரு தொடக்கமாகக் கருதப்படுகிறது. குன்றின் மேடும் அருகில் நீரும் இருந்த இடத்தை அந்தக் கால மனிதனும் தேடி வந்திருக்கிறான்.

இன்றைய தாம்பரத்தை உருவாக்கியவை சென்ற நூற்றாண்டின் நான்கு நிகழ்ச்சிகள் எனலாம். 1928-இல் டாக்டர் சௌரி முத்து என்பவர் காசநோயாளிகளுக்கான மருத்துவ இல்லத்தை இங்கே நிறுவினார். தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையத்தின் பெயர் அதிலிருந்து வந்ததே. நகரத்தின் நெரிசலுக்கு வெளியே நல்ல காற்று வீசும் இடம் என்பதே அன்று இவ்வூரின் பெருமை. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. 1984-இல் சானடோரியத்தை ஒட்டி மெப்ஸ் எனப்படும் ஏற்றுமதி வளாகம் அமைந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்கு வந்தனர்.

பிறகு வளர்ச்சி வேகமாயிற்று. 2019-இல் செங்கற்பட்டு தனி மாவட்டமாயிற்று. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. தென் மாவட்டங்களிலிருந்து வருவோர் இறங்கும் வாசலே இப்பக்கமாக நகர்ந்துவிட்டது.

இறங்கிய இடத்துக்கு அருகிலேயே குடியேறுவது மனித இயல்பு. ஊருக்குப் போக வசதி, ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள், நகரின் நடுப்பகுதியைவிட வாடகை குறைவு என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் தாம்பரம் என்பது ஒரே இடமன்று.

மூன்று திசைகள்

முதலாவது, ரயில் பாதை. பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம், அதற்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று நிலையங்கள் வரிசையாக அமைந்துள்ளன. இவற்றின் அருகில் வாடகை அதிகம். பயணச் செலவு குறைவு. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். கடற்கரையிலிருந்து வரும் ரயில்களில் பல தாம்பரத்தோடு நின்றுவிடுகின்றன. பெருங்களத்தூர் அடுத்த நிலையம்தானே என்று நினைப்பவர், அடுத்த ரயிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, கிழக்கு. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை என்று வேளச்சேரி வரை செல்லும் சாலை இது. பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள கணினி நிறுவனங்களுக்குப் போகிறவர்கள் இப்பக்கம் விரும்பிக் குடியேறுகிறார்கள். இச்சாலையில் ரயில் இல்லை. பேருந்தையும் இரு சக்கர வண்டியையும் நம்பியே வாழ வேண்டும்.

மூன்றாவது, மேற்கு. தாம்பரத்திலிருந்து முடிச்சூர், வரதராஜபுரம், மண்ணிவாக்கம் என ஒரு சாலையும், பல்லாவரத்திலிருந்து பம்மல், அனகாபுத்தூர், குன்றத்தூர் என மற்றொரு சாலையும் செல்கின்றன. படப்பை, ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை செய்வோருக்கு மேற்கே வசதி. மனை விலையும் வாடகையும் இப்பக்கத்தில் பல இடங்களில் குறைவு. ஏன் குறைவு என்பதைப் பின்னால் காண்போம்.

இன்னொன்றும் விசாரிக்க வேண்டும்: அந்தத் தெரு எந்த உள்ளாட்சியைச் சேர்ந்தது? 2021-இல் மாநகராட்சி அமைந்தபோது முடிச்சூர், மேடவாக்கம் போன்ற ஊராட்சிகள் அதில் சேர்க்கப்படவில்லை. பள்ளிக்கரணையோ 2011 முதல் சென்னை மாநகராட்சியில் இருக்கிறது. ஒரே சாலையில் இரண்டு கிலோமீட்டர் நடந்தால் குடிநீர், குப்பை, மழைநீர் வடிகால் ஆகியவற்றுக்குப் பொறுப்பானவர்கள் மாறிவிடுகிறார்கள். பின்னாளில் குழாயில் தண்ணீர் வராதபோது எந்த அலுவலகத்து வாசலில் நிற்பது என்பதை முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது.

வாடகையும் வழிச்செலவும்

கணித மாணவன் என்பதால் ஒரு சிறு கணக்கைப் போட்டுக் காட்ட ஆசைப்படுகிறேன். இதில் வரும் தொகைகள் உதாரணத்திற்காக நான் வைத்துக்கொண்டவை. வாசகர் தத்தம் தொகைகளை இட்டு நிரப்பிக்கொள்ளலாம்.

ஒரு குடும்பத்தின் முன் இரண்டு வீடுகள் இருக்கின்றன. முதல் வீடு ரயில் நிலையத்துக்கு நடை தூரத்தில்; வாடகை மாதம் 12,000 ரூபாய். இரண்டாவது வீடு நிலையத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே; வாடகை 8,000 ரூபாய். அறைகள் ஒன்றே. வீடு பார்க்கப் போன தந்தை இரண்டாவது வீட்டைப் பிடித்துப் போய்விடுவார். மாதம் 4,000 ரூபாய் மிச்சம் அல்லவா?

இப்போது மீதிக் கணக்கைப் பார்ப்போம். தந்தை கிண்டித் தொழிற்பேட்டைக்கும் மகள் நகரத்திலுள்ள கல்லூரிக்கும் போகிறார்கள். நிலையம் வரை ஷேர் ஆட்டோவுக்கு ஒருவருக்கு ஒரு வழி 20 ரூபாய் என்று கொண்டால், இருவருக்கும் போக வர நாள் ஒன்றுக்கு 80 ரூபாய். மாதம் 25 நாட்களுக்கு 2,000 ரூபாய். இரண்டாவது வீட்டில் குடிநீர்க் குழாய் இல்லை. மாதம் 12 கேன், கேன் 35 ரூபாய் என்றால் 420 ரூபாய். ஆக 4,000 ரூபாய் மிச்சத்தில் 2,420 போய் 1,580 ரூபாய் நிற்கிறது.

நேரத்தைப் பார்ப்போம். ஆட்டோ நிரம்பும்வரை காத்திருப்பதும் நெரிசலில் ஊர்வதுமாக ஒரு வழிக்கு 40 நிமிடம் கூடுதல் என்றால், ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 80 நிமிடம். 25 நாட்களுக்கு 2,000 நிமிடம், அதாவது 33 மணி 20 நிமிடம். இருவருக்கும் சேர்த்து 66 மணி 40 நிமிடம். மிச்சமான 1,580 ரூபாயை இந்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு 24 ரூபாய்கூட வரவில்லை. தந்தை தம் ஓய்வையும், மகள் தன் படிப்பு நேரத்தையும் மணிக்கு 24 ரூபாய் என்ற விலைக்கு விற்றிருக்கிறார்கள். எந்த முதலாளியாவது இந்தக் கூலி தருகிறேன் என்றால் நாம் ஒப்புக்கொள்வோமா?

இதனால் நிலையத்துக்கு அருகில் உள்ள வீடுதான் எல்லார்க்கும் ஏற்றது என்று பொருளாகாது. தந்தைக்கு ஒரகடத்தில் வேலை, நிறுவனத்தின் பேருந்து தெருமுனையிலேயே ஏற்றிக்கொள்கிறது, பிள்ளைகளுக்குப் பள்ளி பக்கத்திலேயே இருக்கிறது என்றால் அதே கணக்கு தலைகீழாக மாறிவிடும். அவர்கள் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 12,000 கொடுப்பதுதான் வீண். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், அத்தகைய பேருந்து அடிக்கடி வரும் சாலை ஒரு குடும்பத்தின் செலவைக் கணிசமாகக் குறைத்துவிடும். ஆகவே வாடகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். வாடகை, வழிச்செலவு, தண்ணீர்ச் செலவு, ஒவ்வொருவரும் இழக்கும் நேரம் என்ற நான்கையும் ஒரே தாளில் எழுதி ஒப்பிடுங்கள்.

நீர் வரும் வழி, நீர் போகும் வழி

எங்கள் அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர். வீடு பார்க்கும்போது தரகர் டைல்ஸ் தரையையும், மாடியையும், அலமாரியையும் காட்டிக்கொண்டே வந்தார். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏரி எங்க இருக்குதுங்க? கலங்கல் எந்தப் பக்கம்?" என்றார். தரகருக்குக் கேள்வியே புரியவில்லை. இந்த வட்டாரத்தில் வீடு தேடுகிற எவரும் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான் என்பதைப் பின்னர் படித்து அறிந்தேன்.

கிராமத்திலிருந்து வந்தவர்களுக்கு ஏரியின் இலக்கணம் தெரியும். மழை நீர் வரத்துக் கால்வாய் வழியாக ஏரிக்கு வரும். நீர் தேங்கி நிற்கும் பரப்பு உள்வாய். கரையின் மதகு வழியாக வயலுக்கு நீர் பாயும். ஏரி நிரம்பிவிட்டால் மிகுதி நீர் கலங்கல் வழியாக வெளியேறி அடுத்த ஏரிக்குப் போகும். இப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக ஏரிகளைக் கோத்து வைத்தார்கள் நம் முன்னோர். தாம்பரம் வட்டாரம் முழுவதும் இத்தகைய ஏரிச் சங்கிலியே. கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகளின் நீர் செம்பாக்கம் ஏரிக்கும், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் போய்ச் சேர வேண்டும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைய வேண்டும். மேற்கே ஆதனூர், மணிமங்கலம், மண்ணிவாக்கம் பகுதி ஏரிகளின் உபரி நீர் அடையாற்றுக்குப் போகிறது.

வயல்கள் மனைகளாயின, வாய்க்கால்கள் தெருக்களாயின, சில இடங்களில் உள்வாயிலேயே வீடுகள் எழுந்தன. ஆனால் நீருக்குப் பழைய வழிதான் தெரியும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் பல ஆயிரம் ஹெக்டேர் பரந்திருந்தது. 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டபோது எஞ்சி நின்று பட்டியலில் இடம் பெற்றது ஏறத்தாழ 1,248 ஹெக்டேரே. நீர் நிற்க வேண்டிய இடத்தில் நாம் நிற்கிறோம்.

இதன் விளைவை 2015 டிசம்பரில் நாடே கண்டது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழை சுமார் 140 செ.மீ. என்பதை நினைத்தால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் கொட்டியது புரியும். முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால் வந்த வெள்ளம் என்றே பலரும் எண்ணுகின்றனர். அந்த ஏரியின் உபரி நீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் கலக்கிறது. முடிச்சூர் அதற்கு மேல்பக்கத்தில் உள்ளது. அங்குப் புகுந்தது முதன்மையாக மேலே சொன்ன ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் நீரே. ஒரு பெரிய ஏரியின் செய்தியை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தால் போதாது. நம் தெருவுக்கு மேலே உள்ள சிறிய ஏரிகளையும் அறிந்திருக்க வேண்டும் என்பதே இதன் பாடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம் பகுதிகளில் நீர் தேங்கி மக்கள் பல நாட்கள் அல்லற்பட்டனர். மேற்கே சில இடங்களில் வாடகை குறைவாயிருப்பதன் காரணங்களுள் இந்த வெள்ள அச்சமும் ஒன்று. குறைந்த வாடகையின் மீதிப் பகுதியைக் குடியிருப்பவர் கார்த்திகை மாதத்தில் செலுத்துகிறார்.

எப்படிக் கண்டுபிடிப்பது? தரகரைக் கேட்காதீர்கள், தெருமுனை மளிகைக்கடைக்காரரையும் இஸ்திரி போடுபவரையும் கேளுங்கள். "2015-இல் இங்கே தண்ணீர் எதுவரை நின்றது?" என்றால் கையாலேயே அளவு காட்டிவிடுவார்கள். சுற்றுச்சுவர்களில் நீர்க்கறைக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். வீட்டுவாசல் சாலையைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாலை ஒவ்வொரு முறை போடப்படும்போதும் உயர்கிறது. பழைய வீடுகள் பள்ளத்தில் போய்விடுகின்றன. மனை வாங்க எண்ணுவோர் பட்டா, வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அனுமதி ஆகியவற்றோடு நில அளவை வரைபடத்தில் அந்த இடம் ஏரி, வாய்க்கால், புறம்போக்கு என்று குறிக்கப்பட்டுள்ளதா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

கோடையில் ஒரு பார்வை

மழைக்காலத்தில் வேண்டாத இடமெல்லாம் நிற்கும் நீர், கோடையில் வேண்டிய இடத்தில் கிடைப்பதில்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குக் குடிநீர் வந்தது.

பல்லாவரம், தாம்பரம் பகுதியின் அடியில் சார்னோகைட் என்னும் கடினப் பாறை பரவியுள்ளது. மணற்பாங்கான நிலத்தைப் போல இதில் எங்கும் சீராக நீர் ஊறாது; பாறையின் வெடிப்புகளில் மட்டுமே நிற்கும். ஆகவேதான் ஒரு வீட்டில் ஆழ்துளைக் கிணறு வற்றாமல் இருக்க, அடுத்த வீட்டுக்காரர் லாரித் தண்ணீர் வாங்குகிறார். "இந்த ஏரியாவில் தண்ணீர்ப் பிரச்சினை இல்லை" என்று சொல்வதை நம்பிவிடாமல், அந்த வீட்டுக் குழாயைத் திறந்து, நீரை வாயில் ஊற்றிப் பாருங்கள். குழாய்க் குடிநீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை, எந்த நேரத்தில் வருகிறது என்று கேளுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு வருகிறது என்றால் அந்த மூன்று மணிக்கு எழப் போகிறவர் யார்? பெரும்பாலும் அம்மாதான். அதுவும் வாடகையே.

பள்ளியைப் பற்றி ஓர் எச்சரிக்கை

நகரத்துக்கு வந்தவுடன் பிள்ளைகளை எப்பாடுபட்டாவது தனியார் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும் என்று பெற்றோர் துடிக்கின்றனர். அந்த ஆசையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அறிந்துகொண்டு முடிவு செய்ய வேண்டும். 2020 முதல் மருத்துவப் படிப்பிலும், 2021 முதல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளிக்கப்பட்டது. அதற்கு 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு 2022-இல் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் உதவித் திட்டமும் அரசுப் பள்ளிப் படிப்பை அடிப்படையாகக் கொண்டே வகுக்கப்பட்டது. எட்டாம் வகுப்பில் ஊரிலிருந்து வரும் பெண்ணை இரண்டாண்டு தனியார் பள்ளியில் படிக்க வைத்துவிட்டால், அவள் பின்னால் இழப்பது என்ன என்பதை வீடு மாறும் அவசரத்தில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆகவே நல்ல அரசு மேல்நிலைப் பள்ளி எங்கே இருக்கிறது என்று முதலில் விசாரித்து, அதற்கு நடை தூரத்தில் வீடு தேடுவது அறிவுடைமை.

ரேஷன் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. 2020 அக்டோபர் முதல் மாநிலத்தின் எந்த நியாய விலைக் கடையிலும் பொருள் வாங்கலாம் என்ற நிலை வந்தது. எனினும் முகவரியை மாற்றி வைப்பது நல்லது.

வீட்டுக்காரரும் சட்டமும்

சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டுத் தமிழக அரசு 2017-இல் புதிய சட்டம் இயற்றியது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒப்பந்தம் எழுத்து மூலமாக இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. வாடகைத் தகராறு இருந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. இதையெல்லாம் சொல்லிச் சண்டையிட வேண்டும் என்பதில்லை. பத்து மாதத்தை ஐந்தாகக் குறைக்கும் பேச்சு வார்த்தைக்குச் சட்டம் தெரிந்தவனின் குரல் சற்று உதவும்.

மின்சாரத்துக்குத் தனி மீட்டர் உண்டா என்று பார்க்க வேண்டும். வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகை 2016-இல் வந்தது. ஒரே இணைப்பில் பல குடித்தனங்களை வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வீட்டில், அத்தகைய சலுகை குடியிருப்பவர் கைக்கு வந்து சேர்வது அரிது.

இன்னொரு செய்தியைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை உண்மையானதாக இராது. ஒரு வீட்டில் வாடகை, முன்பணம், சாவி வாங்கும் நாள் எல்லாம் பேசி முடித்த பிறகு, வீட்டுக்கார அம்மா என் அம்மாவிடம், "தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார். அம்மா சொன்னார். மறுநாள் தரகர், அந்த வீட்டை அவர்கள் உறவினருக்கே கொடுத்துவிட்டதாகக் கூறினார். மூன்று வாரத்துக்குப் பிறகும் அந்த வாசலில் "வீடு வாடகைக்கு" என்ற அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வரைபடத்தில் எல்லாத் தெருக்களும் எல்லார்க்கும் திறந்தே தெரிகின்றன. நடந்து பார்க்கிறவருக்குத்தான் சில தெருக்கள் மூடியிருப்பது தெரிகிறது. வீடு தேடச் சிலருக்கு ஒரு வாரம் போதும். சிலருக்கு மூன்று மாதம் வேண்டும். பின்னவர் அதற்கேற்ப முன்கூட்டியே தேடத் தொடங்க வேண்டும் என்று சொல்வதைத் தவிர இப்போதைக்கு என்னிடம் வேறு யோசனை இல்லை.

தேர்ந்தெடுக்க இயலாதவர்கள்

வீட்டைத் தேர்ந்தெடுப்பது என்பதே ஒரு பேறு. கூவம், அடையாற்றுக் கரைகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டன. 2015 வெள்ளத்துக்குப் பிறகும் பல குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. சிமெண்டுக் கூரை கிடைத்தது உண்மை. ஆனால் நகரத்து வீடுகளில் வேலை செய்து வந்த பெண்களுக்கு அந்த வேலை எட்டாத தொலைவாயிற்று. பிள்ளைகளின் பள்ளி மாறியது. வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி அழைத்து வரப்பட்ட பெரும்பாக்கத்திலும் வெள்ளம் வந்தது. வாடகை ஏறக்குறைய ஒன்றுமில்லாத வீட்டிலும்கூட, மீதி விலை எவ்வளவு பெரிதாக இருக்கக் கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. அவர்களுக்கு மறுக்கப்பட்ட தேர்வு நம் கையில் இருக்கும்போது, அதை அரை நாளில் முடித்துவிடுவது முறையன்று.

முடிவாக

குடும்பத்தோடு தாம்பரம் பக்கம் வர எண்ணும் நண்பர்களே! முதல் ஆண்டிலேயே மனையோ அடுக்குமாடி வீடோ வாங்கிவிடாதீர்கள். வாடகைக்கு இருந்து ஓர் ஐப்பசி, கார்த்திகையையும், ஒரு சித்திரை, வைகாசியையும் அந்த வட்டாரத்தில் கழியுங்கள். எந்தத் தெருவில் நீர் நிற்கிறது, எந்தத் தெருவில் நீர் கிடைப்பதில்லை என்பதை அந்த இரண்டு பருவமும் எந்தத் தரகரையும்விட நேர்மையாகச் சொல்லிவிடும்.

வாடகைக்கே ஆனாலும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் அந்த வீட்டில் அதிக நேரம் இருக்கப் போகிறவரை அழைத்துச் சென்று காட்டுங்கள். அவர் அம்மாவாக இருக்கலாம். மாடிப்படி ஏற முடியாத பாட்டியாக இருக்கலாம். தொலைவில் உள்ள கல்லூரிக்குப் போக வேண்டிய தங்கையாக இருக்கலாம். அப்பா பார்க்காத ஒன்றை அவர் பார்ப்பார். சமையலறையில் வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பார், குழாயைத் திறப்பார், இரவு எட்டு மணிக்குப் பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வரும் வழியில் விளக்கு எரிகிறதா என்று கேட்பார். அவர் சரி என்று சொன்ன பிறகு சாமான்களை ஏற்றுங்கள்.